ஆபீஸ் வாசலைத் தாண்டிய காவல்: நெட்வொர்க் பாதுகாப்பு கிளவுடுக்கு மாறுவது ஏன், எப்படி?

கோவை துடியலூரிலிருந்து சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் தினமும் காலையில் ஐ.டி. ஊழியர்கள் கிளம்பிப் போகிறார்கள். அதே வேலையை வெள்ளக்கிணரிலோ என்.ஜி.ஜி.ஓ. காலனியிலோ வீட்டிலிருந்தபடி பார்ப்பவர்களும் உண்டு. மேட்டுப்பாளையம் சாலைத் தொழிற்சாலைகளிலும் கணக்கு, கொள்முதல், டிசைன் போன்ற வேலைகள் இணையவழி மென்பொருள்களுக்கு மாறி வருகின்றன. ஊழியர் ஓரிடம், மென்பொருள் வேறிடம். காவல் காக்கும் கருவி மட்டும் தலைமை அலுவலக சர்வர் அறையில். பெரிய நிறுவனங்கள் நெட்வொர்க் பாதுகாப்பைக் கிளவுடுக்கு மாற்ற இந்த இடைவெளிதான் முதல் காரணம்.

பழைய முறையின் ஓட்டை

சர்வர் அறையில் இருக்கும் அந்தக் காவல் கருவியான ஃபயர்வால் பழைய மில் கேட் மாதிரி. வாசலில் பாஸைப் பார்ப்பார்கள். உள்ளே வந்துவிட்டால் ஸ்பின்னிங் முதல் ஸ்டோர் வரை எங்கும் போகலாம். வெளியூரில் இருப்பவரும் அந்த வாசல் வழியாகவே உள்ளே வர அமைக்கப்பட்ட பாதைதான் வி.பி.என். அந்தப் பாதையின் சாவி திருடன் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை 2021 மே மாதம் அமெரிக்கா பார்த்தது. கலோனியல் பைப்லைன் நிறுவனத்தில் பயன்பாட்டில் இல்லாத ஒரு வி.பி.என். கணக்கு மூடப்படாமல் கிடந்தது. கசிந்த பாஸ்வேர்டு ஒன்றே நுழையப் போதுமானதாக இருந்தது, ஓ.டி.பி. போன்ற இரண்டாம் சரிபார்ப்பு அதற்கு இல்லை. எரிபொருள் குழாய் பல நாட்கள் நின்றது. நிறுவனம் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கொடுத்தது.

நம் நாட்டில் 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை சைபர் தாக்குதலால் முடங்கியது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளிப் பதிவு பல நாட்கள் கையால் எழுதப்பட்டது. நெட்வொர்க் முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

புதிய முறை எப்படி இயங்குகிறது?

தன் நெட்வொர்க்கில் 2009இல் நடந்த ஊடுருவலுக்குப் பிறகு, அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கிறார் என்பதற்காகவே ஒருவரை நம்பும் வழக்கத்தைக் கைவிட கூகுள் தொடங்கியது. 2010இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் ஜான் கிண்டர்வாக் இந்தக் கொள்கையை 'ஜீரோ டிரஸ்ட்' என்ற பெயரில் முன்வைத்தார். நெட்வொர்க் இணைப்பையும் பாதுகாப்பையும் ஒன்றாகக் கிளவுடில் தரும் முறைக்கு 2019இல் கார்ட்னர் நிறுவனம் 'சாஸி' என்று பெயரிட்டது.

ஊழியரின் லேப்டாப்பில் ஒரு சிறு மென்பொருள் இருக்கும். அவர் எதைத் திறந்தாலும் அந்தக் கோரிக்கை, சென்னை, மும்பை போன்ற நகரங்களில் சேவை நிறுவனம் வைத்திருக்கும் அருகிலுள்ள மையத்துக்குப் போகும். கேட்பவர் யார், லேப்டாப் பாதுகாப்பான நிலையில் இருக்கிறதா, இந்த மென்பொருளுக்கு இவருக்கு அனுமதி உண்டா என்பதெல்லாம் அங்கே சரிபார்க்கப்படும். தேறினால் அந்த ஒரு மென்பொருள் மட்டும் திறக்கும். மற்றவை இருப்பதே அவருக்குத் தெரியாது. மெயில் பார்க்கக்கூடத் தலைமை அலுவலகம் வரை சுற்றிப்போகும் தாமதமும் குறையும்.

இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. ஆபத்தைக் கண்டுபிடிக்க இந்த மையங்கள் அதைப் பிரித்துப் பார்க்கும். எதைப் பார்க்கிறோம் என்பதை ஊழியர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய வங்கி, மருத்துவத் தளங்களுக்கு விலக்கு அளிப்பதே நியாயம்.

கிளவுடால் ஆகாதவை

கோவைப் பட்டறைகளிலும் ஆலைகளிலும் பழைய விண்டோஸில் ஓடும் இயந்திரங்கள் உண்டு. பலவற்றில் புதிய மென்பொருள் எதையும் ஏற்ற முடியாது. அவற்றை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து அந்த இடத்திலேயே பிரித்து வைப்பதுதான் வழி. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீங்குநிரல் புகுந்தது. உலையை இயக்கும் அமைப்புகள் தனி நெட்வொர்க்கில் இருந்ததால் பாதிக்கப்படவில்லை என்று இந்திய அணுமின் கழகம் விளக்கியது.

இன்னோர் ஆபத்து, எல்லாவற்றுக்கும் ஒரே சேவை நிறுவனத்தைச் சார்ந்திருப்பது. 2025 நவம்பர் 18 அன்று இத்தகைய சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் ஓர் உள்கோப்பு அளவு மீறிப் பெருத்ததால், உலகெங்கும் ஏராளமான தளங்கள் சில மணி நேரம் தடுமாறின. அந்நிறுவனத்தின் உள்நுழைவுச் சேவையும் பாதிக்கப்பட்டது. அப்படியொரு நாளில் சம்பளப் பட்டியலையும் லாரி அனுப்புவதையும் எப்படி நடத்துவது என்பதை முன்பே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

சட்டப் பொறுப்பு யாருக்கு?

சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்குச் சொல்ல வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று அந்த அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 2023ஆம் ஆண்டுச் சட்டம் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. பாதுகாப்பை வெளியாரிடம் ஒப்படைத்தாலும் தரவை வைத்திருக்கும் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். பதிவுகள் எங்கே இருக்கும், ஒப்பந்தம் முடிந்தால் எப்படித் திரும்பக் கிடைக்கும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டாம் சரிபார்ப்பு. அடுத்து, நிறுவனத்தில் என்னென்ன மென்பொருள்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் யாருக்குத் தேவை என்ற பட்டியல். அதிக உழைப்பு கேட்பது இதுதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். பட்டியல் இல்லாமல் எல்லோருக்கும் எல்லாம் என்று அனுமதி கொடுத்தால், பழைய மில் கேட்டையே அதிக வாடகைக்கு எடுத்ததாகிவிடும். பட்டியல் தயாரான பின் ஒரு துறையில் சோதித்து, குறைகளைச் சரிசெய்து, மற்ற துறைகளுக்கு விரிக்கலாம். கடைசியில் பழைய வி.பி.என்.ஐ முழுதாக மூட வேண்டும். பாதி திறந்து கிடக்கும் பழைய வழி, புதிய செலவை வீணாக்கிவிடும்.

விலைப்புள்ளி கேட்பதற்கு முன் நிர்வாகம் தன் மனிதவளத் துறையையும் ஐ.டி. துறையையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்கட்டும்: வேலையை விட்டுப் போனவரின் கணக்கு எத்தனை மணி நேரத்தில் மூடப்படுகிறது? இதற்கு உறுதியான பதில் சொல்லும் நிறுவனம் மாற்றத்துக்குத் தயார். பதில் இல்லையென்றால், வேலையை அங்கிருந்தே தொடங்க வேண்டும். அதற்குப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை.