எனக்கு முன்னால் யார்?

விருதுநகரிலிருந்து கணினி அறிவியல் படிக்கும் தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு பெட்டிகளை அடுக்க வேண்டும். அளவு நம் விருப்பம். சிவப்பு, பச்சைக்கு முழுக்க இடப்பக்கம். நீலம், மஞ்சளுக்கு முழுக்க இடப்பக்கம். பச்சையும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று சிறிதாவது நுழைந்திருக்க வேண்டும்; சிவப்பும் மஞ்சளும் அப்படியே. "நான்கு நாளாக நிரல் எழுதிப் பார்க்கிறேன், அமையவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?" என்று கேட்கிறார்.

முப்பரிமாணம் என்றதும் படம் வரைய உட்கார்ந்துவிடுகிறோம். தேவையில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பெட்டிக்கு இரண்டே புள்ளிகள்: தொடக்கம், முடிவு. ஆயிரம் பெட்டி என்றாலும் கோட்டுக்கு 2000 புள்ளிகள்தான். 'இடப்பக்கம்' என்றால், நீளக்கோட்டில் இதன் முடிவு அதன் தொடக்கத்துக்கு முன். 'நுழைந்திருக்க வேண்டும்' என்றால், மூன்று கோடுகளிலும் இதன் தொடக்கம் அதன் முடிவுக்கு முன், அதன் தொடக்கம் இதன் முடிவுக்கு முன். எல்லாமே 'முன்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

சின்ன வயதில் ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போவேன். யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள், வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். வந்ததும் "கடைசி யாரு?" என்று கேட்டு, அந்த முகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கடை திறந்ததும் முன்னால் யாரும் இல்லாதவர் எழுந்து போவார். அவர் போனதும் அடுத்தவருக்கு முன்னால் யாரும் இல்லை. 1962-இல் ஆர்தர் கான் வெளியிட்ட முறையும் இப்படித்தான் நடக்கிறது. முன்னால் எதுவும் இல்லாத புள்ளிக்கு எண் கொடு, அதை நீக்கு, மறுபடி தேடு. கொடுத்த எண்களே பெட்டிகளின் இடங்கள். எல்லாப் புள்ளியும் இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றுவிட்டால், நிபந்தனைகளில் எங்கோ ஒரு வட்டம் இருக்கிறது.

என்னை இன்றும் வியக்கவைப்பது வேறொன்று. நிபந்தனை கறாராக இருக்கும்வரை கணினிக்கு வேலை சுலபம். "இரண்டும் மோதக் கூடாது, எந்தப் பக்கம் விலகினாலும் சரி" என்று தாராளம் காட்டினால் திணறிப்போகிறது! இடம், வலம், முன், பின், மேல், கீழ் என ஒவ்வொரு ஜோடிக்கும் ஆறு வழி. பத்து ஜோடிக்கு 6 கோடிக்கும் அதிகமான சேர்க்கைகள். அளவு மாறாத சரக்குப் பெட்டிகளைக் கன்டெய்னருக்குள் அடுக்கும் கணக்கு இந்த வகைதான். எந்தச் சரக்குக்கும் விரைவாகச் சரியான விடை சொல்லும் முறை இதுவரை யாருக்கும் தெரியாது.

கல்லூரிகளில் கானின் முறை 'டோபாலஜிகல் சார்ட்' என்ற பெயரில் தேர்வுக் கேள்வியாக வருகிறது. பிள்ளைகள் ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள். பெட்டியும் ரேஷன் கடை வரிசையும் ஒரே கணக்கு என்று காட்ட ஆசிரியர் அரை மணி நேரம் ஒதுக்கினால் என்ன? கேள்வியைப் படித்த கையோடு விசைப்பலகையைத் தொடும் பழக்கமும் வருத்தம் தருகிறது. பென்சிலும் ஒரு தாளும் போதுமே.

தங்கையே, எழுதிப் பாருங்கள். சிவப்பின் முடிவு பச்சையின் தொடக்கத்துக்கு முன். பச்சையின் தொடக்கம் நீலத்தின் முடிவுக்கு முன். நீலத்தின் முடிவு மஞ்சளின் தொடக்கத்துக்கு முன். மஞ்சளின் தொடக்கம் சிவப்பின் முடிவுக்கு முன். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். நான்கில் எந்த ஒரு நிபந்தனையை நீக்கினாலும் பெட்டிகள் அமைந்துவிடும். நான்கும் சேர்ந்தால் அமையாது. உங்கள் நிரலில் தப்பில்லை. 'விடை இல்லை' என்று எழுதிக் கொடுங்கள், அதுதான் சரியான விடை.