பொங்கலுக்குப் பூக்கும் தொட்டிச் சாமந்தி

தொட்டிச் சாமந்தியில் லாபமும் நட்டமும் ஒரே வாரத்தில் முடிவாகின்றன. பொங்கலுக்கு முன் மொட்டு விரிந்தால் கேட்ட விலை கிடைக்கும். பண்டிகை முடிந்து விரிந்தால், அதே தொட்டிக்கு ஆள் தேட வேண்டும். எனவே பசுமைக்குடில் விவசாயிகள் விற்பனை நாளை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

விளக்கு எதற்கு?

சாமந்தி குறும்பகல் பயிர். இரவு நீண்டால் மொட்டு வைக்கும். அக்டோபரில் நம் பகுதியில் பகல் 12 மணி நேரத்துக்கும் குறைவு. அப்போது நட்ட இளஞ்செடி, வளரும் முன்பே மொட்டுக்குத் தயாராகிவிடும். கிளைகள் இல்லாமல் தொட்டி வெறிச்சென்று இருக்கும். இதைத் தவிர்க்க, நட்ட நாள் முதல் 3 வாரங்களுக்கு இரவு 10 மணி முதல் 2 மணி வரை செடிகளின் மேல் விளக்கு எரிய வேண்டும். தொடர்ந்து சில இரவுகள் மின்சாரம் தடைபட்டாலும் மொட்டு வந்துவிடும், ஜெனரேட்டர் அவசியம்.

நாள் கணக்கு

ஒன்பது வாரத்தில் பூக்கும் ரகம் என்றால், அக்டோபர் 12ல் வேர்விட்ட நாற்றுகளை நடுங்கள். 6 அங்குலத் தொட்டிக்கு 3 அல்லது 4 நாற்றுகள் போதும். அக்டோபர் 26ல் நுனி கிள்ளுங்கள். நவம்பர் 2 முதல் விளக்கை நிறுத்துங்கள். ஜனவரி 4 வாக்கில் தொட்டிகள் விற்பனைக்குத் தயாராகும். ரகத்துக்கு ரகம் வாரங்கள் மாறும். நாற்று வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இருட்டும் வெப்பமும்

விளக்கை நிறுத்தியபின் முழு இருட்டு தேவை. தெருவிளக்கு, மோட்டார் அறை பல்பு வெளிச்சம் குடிலுக்குள் விழுந்தால், அந்தப் பக்கத்துத் தொட்டிகள் மட்டும் பிந்திப் பூக்கும். கருப்புத் திரை கட்டி மறைக்கலாம். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் மொட்டு தாமதமாகும். ஓசூர், ஏற்காடு, கொடைக்கானல் பகுதிகளின் குளிர்ச்சி இதற்கு ஏற்றது.

பராமரிப்பு

தென்னை நார்க்கழிவை நன்கு அலசி, உப்பை நீக்கியபின் தொட்டியில் நிரப்புங்கள். காலையில் வேர்ப்பகுதியில் மட்டும் நீர் விடுங்கள். இரவில் இலை ஈரமாக இருந்தால் வெண்துரு நோய் பரவும். கொத்துப் பூ ரகங்களில் நடு மொட்டைக் கிள்ளினால் பக்க மொட்டுகள் ஒன்றாக விரியும்.

முதல் ஆண்டில் 200 தொட்டிகளோடு தொடங்குங்கள். நட்ட நாள், விளக்கை நிறுத்திய நாள், பூத்த நாள் மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த பொங்கலுக்கு உங்கள் குடிலுக்கான கணக்கு கையில் இருக்கும்.