கொடிமலை ஏறுவோர் கவனத்திற்கு: கூட்டம் பிரியக் கூடாது

பினாங்கில் குளிர்காலம் இல்லை. எனினும் அக்டோபர், நவம்பர் மழை தணிந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறையும் நாள்களில் குடும்பமாகவும் நண்பர்களாகவும் கொடிமலை ஏறுவோர் பலர்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலையின் 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறிய கால்களுக்கு இது பெரிதல்ல என்று நினைக்கலாம். ஆனால் காட்டுப்பாதையில் விளக்கும் இல்லை, கைப்பிடியும் இல்லை. தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குச் செல்லும் சுமார் 5 கிலோமீட்டர் ஜீப் சாலை செங்குத்தானது. ஆனால் வழி தவறாது. அருகிலுள்ள மூன் கேட் பாதை நிழலானது. இடையிடையே கிளைப்பாதைகள் பிரியும்.

கூட்டமாகப் போயும் வழி தவறுவது ஏன்? வேகமானவர்கள் முன்னே போய்விட, பின்தங்கியவர் சந்திப்பில் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். ஆகவே, பாதை அறிந்த ஒருவர் முன்னே, இன்னொருவர் கடைசியில் நடக்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று ஆள்களை எண்ணுங்கள். மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லாருக்கும் வேகம்.

காலை 7 மணிக்கே புறப்படுங்கள். மாலை 7 மணி வாக்கில்தான் சூரியன் மறையும் என்றாலும், மரங்களுக்கு அடியில் முன்னதாகவே இருட்டிவிடும். கனமழை பிடித்தால் மேலே ஏறாமல் திரும்புங்கள். 2017 நவம்பர் தொடக்கத்துப் புயல்மழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. உச்சியில் கால் தளர்ந்தவர் ரயிலில் இறங்கலாம். அவருடன் ஒருவர் துணைக்குச் செல்லட்டும்.

வீட்டில் பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்திற்கு 999.