சும்மா கிடக்கும் நிலமா?

மாசி மாதத்துக் காலையொன்றில், தாம்பரத்திலிருந்து குடும்ப சகிதம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். பூநாரைகள் அலகைத் தலைகீழாக ஜலத்தில் ஆழ்த்தி இரை தேடிக்கொண்டிருந்தன.

"இவ்வளவு நிலமும் ஏன் சும்மா கிடக்கிறது, அப்பா?" என்று கேட்டாள் நம் பெண்.

சும்மாவா! தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் மழை நீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்கு அனுப்பும் நிலமன்றோ இது! குப்பையும் கட்டடங்களும் இதைக் குறுக்கியதன் பலனை, 2015-ஆம் வருஷத்து வெள்ளம் வேளச்சேரி வீடுகளுக்குள் புகுந்து உணர்த்திற்று. 2022-ல், ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமென்னும் கௌரவம் இதற்குக் கிட்டியது. எஞ்சியதைக் காப்பதும் தேசத் தொண்டே என்றோம்.

திரும்புகையில், முறுக்குச் சுற்றிய காகிதத்தை வெளியே எறியாமல் மடித்து வைத்துக்கொண்டாள் குழந்தை.