ஆபத்துக் காலத்தில் சங்கத்தின் வேலை நிற்கலாகாது

நயினார்கோவில் வட்டாரத்துக் குடியானவர்கள் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருப்பவர்கள். உரம், பயிர்க்கடன், பயிர்க் காப்புப் பிரிமியம் ஆகிய காரியங்கள் சங்கத்தில் நெருங்கி நிற்பதும் அம்மாதங்களில்தான். புயலும் வெள்ளமும் வருவதும் அம்மாதங்களில்தான். பிரிமியம் செலுத்தும் கெடு நெருங்குகையில் சங்கம் ஒரு வாரம் மூடிக் கிடக்குமாயின், பயிர் அழிந்த அங்கத்தினருக்கு இழப்பீடும் கிட்டாமற் போகலாம்.

1964-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உத்தரங்களிற் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. செப்பனிட ஆறு மாதங்களாகும் என்று கருதப்பட்ட அப்பாலம், எஞ்சினீயர் ஈ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் 46 நாட்களில் சீராயிற்று. வீழ்ந்த உத்தரங்களையே தேடியெடுத்து மீண்டும் பொருத்தியது அதற்கு முக்கிய காரணம். ஆனால் வெள்ளத்திற் கரைந்த பேரேட்டை எவராலும் அவ்வாறு மீட்க இயலாது.

2020-ம் வருஷம் மார்ச்சு 25 முதல் கொரோனா நோயின் பொருட்டு ஊரடங்கு அமலாயிற்று. தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளிற் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுவன. ஏப்ரல் மாதம் அவற்றில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை விலையின்றி வழங்கப்பட்டதுடன், 1,000 ரூபாயும் கொடுக்கப்பட்டது. கூட்டம் சேராதபடி, நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் முன்னரே அளிக்கப்பட்டன. வேலை நிற்கவில்லை, வேலை செய்யும் முறையே மாறிற்று.

இவற்றினின்றும் சங்கங்கள் அறிய வேண்டியவை நான்கு. முதலாவது, ஒரு நாளும் நிறுத்தலாகாத வேலைகள் எவை, சில நாள் பொறுக்கக்கூடியவை எவை என்று நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டும். ரேஷன், டெபாசிட் பணம், பயிர்க் காப்பு ஆகியவை முந்தியவை. இரண்டாவது, கணக்குகளின் நகல் வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். கணினியில் கணக்கு வைக்கும் சங்கமும், மின்சாரம் தடைப்படும் நாளைக் கருதி, அங்கத்தினர் பாக்கி விவரத்தை மாதந்தோறும் காகிதத்தில் எடுத்து வைத்தல் நலம். மூன்றாவது, செயலாளர் நோயுற்றால் அவர் வேலையைப் பார்க்க மற்றொருவர் பழகியிருக்க வேண்டும். நான்காவது, கட்டடத்தில் நீர் புகுந்தால் எம்மேட்டு நிலத்தில் வேலை நடைபெறும் என்பதை அங்கத்தினர் அனைவரும் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

இவ்வேற்பாடுகளை ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஒரு முறை நடத்திப் பார்த்தல் அவசியம். கோடையிலேயே கண்மாய்க் கரையைப் பலப்படுத்தும் ஊராருக்கு, கரை உடைந்த பின் மண் தேடுவதில் பயனில்லை என்பதை எடுத்துக் கூற வேண்டுவதில்லை.