முதுகைப் பிடித்து இழுத்தால் வலி போகுமா?

கம்சனுக்குச் சந்தனம் அரைத்துக் கொடுக்கும் பணிப்பெண் திரிவக்ரை. பெயருக்கேற்ப அவள் உடல் மூன்று இடங்களில் கோணியிருந்தது. மதுரா நகரின் ராஜ வீதியில் கண்ணனும் பலராமனும் நடந்து வருகையில் அவள் சந்தனக் கிண்ணத்தோடு எதிர்ப்படுகிறாள். அரசனுக்கென்று கொண்டுபோன சந்தனத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறாள். கண்ணன் அவளுடைய பாதங்களைத் தன் பாதத்தால் அழுத்திக்கொண்டு, இரண்டு விரல்களை மோவாயின்கீழ்க் கொடுத்து மேலே தூக்க, அவள் கூன் நிமிர்ந்து நின்றாள் என்கிறது ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தம். உபந்யாசங்களில் நம்மவர் பலமுறை கேட்ட கதைதான் இது.

மருத்துவர்கள் இதை வேறொரு கண்ணோடும் படித்திருக்கிறார்கள். கீழே காலை அழுத்தி, மேலே தலையைத் தூக்கினால், நடுவிலுள்ள முதுகெலும்பு நீளவாக்கில் இழுபடும். இதைத்தான் ஆஸ்பத்திரிகளில் ‘டிராக்ஷன்’ என்கிறார்கள். முதுகெலும்பு மருத்துவர்களின் ‘ஸ்பைன்’ இதழ் 1996-ல் வெளியிட்ட ஒரு வரலாற்றுக் குறிப்பு, இழுத்து நிமிர்த்தும் சிகிச்சையின் மிகப் பழைய செய்தியாகப் பாகவதத்தின் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டியது. கண்ணன் பெற்ற கட்டணம் ஒரு கிண்ணம் சந்தனம். இந்நாட்டில் இன்று அதே இழுப்புக்குச் சில இடங்களில் பல ஆயிரம் டாலர் கேட்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் அன்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

எடிசனிலோ, பிரிமாண்டிலோ, ஹூஸ்டனை அடுத்த பேர்லாண்டிலோ குடியிருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது ஐம்பதை நெருங்குகிறது. காலையில் காரில் ஒரு மணி நேரம், அலுவலகத்தில் எட்டு மணி நேரம், மாலையில் மறுபடியும் கார். நியூஜெர்ஸிக்காரரானால் ஜனவரியில் பனி வாருவது வேறு. சனிக்கிழமை கோவில் சமையற்கூடத்தில் சாம்பார் அண்டாவைக் குனிந்து தூக்குகிறார். இடுப்பில் ‘சுருக்’ என்கிறது. மறுநாள் வலி பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால்வரை மின்சாரம்போல் ஓடுகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்று எழுதி வருகிறது. ஆபரேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். அந்த நேரத்தில்தான் ‘கத்தியின்றி, ரத்தமின்றி டிஸ்க்கை உள்ளே இழுக்கும் இயந்திரம்’ என்ற விளம்பரம் கண்ணில் படுகிறது.

டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே வைத்த மெத்தை போன்றது. சுற்றிலும் நார்வளையம், உள்ளே கூழ். வளையம் நைந்தால் கூழ் வெளியே பிதுங்கிப் பக்கத்து நரம்பை அழுத்துகிறது. இவ்வாறு பிதுங்கிய டிஸ்க்கால் காலுக்கு வலி வருவதைப் பாஸ்டன் மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் எடுத்துக்காட்டினார்கள். எலும்புகளைச் சற்று விலக்கினால் நடுவே அழுத்தம் குறைந்து, பிதுங்கிய கூழ் உள்ளே போகும் என்பது டிராக்ஷனின் தத்துவம். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் 1950-களில் இதைப் பரவலாக்கினார். நம் ஊரிலும் இது புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்னும் மர்த்தன முறைகள் ஒன்பதில் ‘இழுத்தல்’ ஒன்று. புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் சுவரில் கயிறு கட்டி மாணாக்கர்களைத் தொங்கவிட்டதும் இதன் உறவுதான்.

தத்துவம் அழகாகத்தான் இருக்கிறது. உடம்பு அதற்கு இசைகிறதா என்பதே கேள்வி.

மதுரையிலோ சென்னையிலோ பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்து, இடுப்பில் பெல்ட் கட்டி, கட்டில் கால்மாட்டில் கப்பி வழியே எடை தொங்கவிட்டிருந்ததை அன்பர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. படுத்திருக்கும் மனிதரின் கீழுடம்பு மெத்தையோடு உரசுகிறது. அந்த உராய்வை மீறுவதற்கே அவருடைய எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விசை தேவை. 160 பவுண்டு மனிதருக்கு அது 40 பவுண்டு. பத்துப் பதினைந்து பவுண்டு தொங்கவிட்டால் முதுகெலும்பு அசைந்துகூடக் கொடுக்காது. நோயாளி எழுந்து நடமாடாமல் கட்டிப்போடுவது ஒன்றே அந்த எடை செய்த வேலை. அப்படிப் படுக்கவைத்ததும் நன்மையில்லை என்று பிறகு தெரிந்தது. டெக்ஸாஸ் சான் அன்டோனியோவில் டாக்டர் ரிச்சர்ட் டேயோவும் கூட்டாளிகளும் 203 நோயாளிகளைச் சோதித்து 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இரண்டு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்கள் ஒன்றும் குறைந்துபோகவில்லை. வேலைக்குச் செல்லாத நாட்கள்தான் அவர்களுக்குக் குறைவு.

உராய்வைக் குறைக்க இரண்டாகப் பிரிந்து நகரும் மேஜை வந்தது. பிறகு மோட்டார், கம்ப்யூட்டர். கனடாக்காரரான டாக்டர் ஆலன் டயர் 1990-களின் தொடக்கத்தில் ‘வாக்ஸ்-டி’ என்ற மேஜையைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து பல கம்பெனிகள் பல பெயர்களில் இயந்திரங்களைச் செய்து ‘ஸ்பைனல் டிகம்ப்ரெஷன்’ என்று விளம்பரம் செய்தன. அரை மணி நேரம் விட்டுவிட்டு இழுப்பது, இப்படி இருபது இருபத்தைந்து தடவை என்பது வழக்கமான கணக்கு. டிஸ்க்கின் உள்ளே அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது என்று 1994-ல் ஓர் ஆராய்ச்சி கூறியது உண்மைதான். ஆனால் அதில் அளக்கப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அழுத்தம் குறைவது ஒன்று, வலி போய் மனிதர் வேலைக்குத் திரும்புவது வேறொன்று.

இரண்டாவதைச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். ஹாலந்து நாட்டில் 151 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான விசையிலும் மறுபாதிக்குப் பேருக்கு லேசாகவும் இழுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து இரு சாராருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 1995-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. காக்ரேன் அமைப்பு 2013-ல் இத்தகைய 32 சோதனைகளை, 2,762 நோயாளிகளின் கணக்கை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. இடுப்புவலிக்கு, வலி காலுக்கு இறங்கினாலும் இறங்காவிட்டாலும், டிராக்ஷனால் பலன் சிறிது அல்லது இல்லை என்பது அதன் தீர்ப்பு. பிரிட்டனின் ‘நைஸ்’ நிறுவனம் 2016-ல் இடுப்புவலிக்கு டிராக்ஷன் கொடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது.

அப்படியானால் ‘எனக்கு அதில்தான் சரியாயிற்று’ என்று கோவிலில் நம்மிடம் சொல்பவர் பொய் சொல்கிறாரா? இல்லவே இல்லை. மேஜையில் இழுபடும்போது பலருக்குச் சுகமாக இருக்கிறது. சிலருக்கு அந்தச் சுகம் சில மணி நேரம், சில நாள் நிற்கவும் செய்கிறது. அதோடு, பிதுங்கிய டிஸ்க்கின் கூழ் பெரும்பாலும் தானாகவே காலப்போக்கில் சுருங்கிவிடுகிறது. ஆறு வாரம், எட்டு வாரத்தில் கணிசமானோர் தேறிவிடுகிறார்கள். இருபத்தைந்து தடவை இழுத்து முடிக்கவும் அதே எட்டு வாரம்தான் ஆகிறது! பலனுக்குரிய பெயரை யார் தட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தைக் கண்டு நடுங்குவதும் அவசியமில்லை. முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது 52 சதவீதத்தினருக்கு, ஏதோ ஓரிடத்தில் டிஸ்க் புடைத்திருந்தது. 1994-ல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்ட விவரம் இது. தலை நரைப்பதுபோல டிஸ்க்கும் வயதாகிறது.

விளம்பரத்தின் சொற்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ‘எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது’ என்றிருக்கும். இத்தகைய இயந்திரங்களுக்கு அவ்வலுவலகம் கொடுப்பது, ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு இது ஒப்பானது என்ற அனுமதி. நோய் குணமாகும் என்ற சான்றிதழ் அல்ல. அரசாங்க ஏட்டில் இவற்றின் வகைப் பெயரே ‘மின்விசையால் இயங்கும் இழுவைக் கருவி’ என்பதுதான். ‘விண்வெளி ஆராய்ச்சியில் பிறந்தது’, ‘நூற்றுக்கு இத்தனை பேர் குணம்’ என்றெல்லாம் அள்ளிவீசிய விளம்பரங்கள்மீது ஒரிகான் மாநில அரசே நடவடிக்கை எடுத்திருக்கிறது. மெடிகேர் இந்த டிகம்ப்ரெஷன் மேஜைகளுக்குப் பணம் கொடுப்பதில்லை. தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் பலவும் ‘நிரூபிக்கப்படாதது’ என்று கைவிரிக்கின்றன. ஆகவே செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில். ‘இன்றே மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி’ என்று காகிதத்தை நீட்டினால், அன்று கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிடுவது உத்தமம். நாலு தடவையில் குணம் தெரியாவிட்டால் மீதிப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். வெறும் வாய்வார்த்தை உதவாது.

இந்த ஜாலம் இன்று நேற்று வந்ததல்ல. கிரேக்க தேசத்து ஹிப்பாகிரடீஸ் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே, கூனரை ஏணியில் கட்டி உயரத்திலிருந்து இறக்கிக் குலுக்கும் வைத்தியத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதனால் நிமிர்ந்தவர் எவரையும் தமக்குத் தெரியாது என்றும், கூட்டம் வாய்பிளந்து பார்ப்பதற்காகவே சில வைத்தியர்கள் அதைச் செய்கிறார்கள் என்றும் சலித்துக்கொள்கிறார். பலகையில் படுக்கவைத்து இழுப்பதை அவரும் ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கழுத்தின் கதை சற்று வேறு. கழுத்து நரம்பு அழுந்திக் கைக்கு வலி இறங்குபவர்களில் 86 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2014-ல் வெளிவந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, பயிற்சியோடு இயந்திர டிராக்ஷனும் பெற்றவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் மேலாக இருந்தார்கள். ஒரே சோதனையை வைத்துக் கோபுரம் கட்டக் கூடாதுதான். எனினும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துப் பரிந்துரைத்தால் கழுத்து டிராக்ஷனைச் சில தடவை முயன்று பார்ப்பதில் தவறில்லை. வாசற்கதவில் மாட்டித் தண்ணீர்ப் பையால் இழுக்கும் மலிவான கருவியை வாங்குவோர், அதன் பட்டை மோவாயை அழுத்தித் தாடை மூட்டை நோகவைப்பதுண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பத்து பவுண்டு அளவில் தொடங்குவதே முறை. அதிகம் இழுத்தால் அதிகம் குணம் என்பது தப்புக் கணக்கு. தலைகீழாகத் தொங்கும் பலகை இரத்தக் கொதிப்பு, கண்ணில் கிளாகோமா உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. சிரசாசனத்துக்கும் அதே எச்சரிக்கை.

இழுப்பே கூடாதவர்களும் உண்டு. எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், எலும்பு முறிந்தவர்கள், முதுகெலும்பில் புற்றுநோய் பரவியவர்கள், முடக்குவாதத்தால் கழுத்து மூட்டு தளர்ந்தவர்கள் ஆகியோர் மேஜையருகே போகக் கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினால், அல்லது சிறுநீர் இறங்காமல் நின்றால், உட்காருமிடம் மரத்துப்போனால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், எந்த மேஜையும் வேண்டாம். நடு இரவானாலும் எமர்ஜென்ஸிக்குப் போக வேண்டும். அந்த நிலையில் கத்திதான் காப்பாற்றும். அறுவைக்கு அஞ்சி மணிக்கணக்கில் தாமதிப்பது நிரந்தர முடத்தில் முடியலாம்.

மற்றபடி வலிக்கு என்ன செய்வது? 1989-ல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து மருத்துவர்களான ஜெஃப்ரி சால், ஜோயல் சால் இருவரும், டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு வலி இறங்கியவர்களுக்கு முறையான உடற்பயிற்சி கொடுத்து, பத்தில் ஒன்பது பேர் ஆபரேஷனின்றித் தேறியதாக எழுதினார்கள். ஒப்பிட மற்றொரு குழு இல்லாத ஆராய்ச்சி அது; இருந்தாலும் பயம் தெளிவித்த எழுத்து. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாள்பட்ட இடுப்புவலிக்கு முதலில் செய்ய வேண்டியவற்றில் உடற்பயிற்சியும் யோகமும் உண்டு; டிராக்ஷன் இடம்பெறவில்லை. அதே ஆண்டு பாஸ்டனில் 320 பேரிடம் செய்த சோதனையில், வாரம் ஒரு யோக வகுப்பு பிசியோதெரபிக்குச் சளைக்கவில்லை. இயந்திரத்துக்குக் கேட்கும் தொகையில் எத்தனை வருடத்து வகுப்புக் கட்டணம் அடங்கும் என்பதை அன்பர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்கு எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸ் பழைய முதுகுவலிக்கு வழக்கமாக ஒன்றும் தராது. அதனால் பிள்ளைகள் கைப்பணத்தில் இழுவை மேஜைக்கு அழைத்துப் போகிறார்கள். எழுபது வயது அம்மாவுக்கு எலும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பயணத்துக்கு முன்பே ஊரில் டெக்ஸா என்னும் எலும்படர்த்திச் சோதனையைச் செய்து, அறிக்கையை மருந்துச் சீட்டுகளோடு பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லலாம். இங்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் அங்கு.