கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி.யா? பில்டரைக் கவனியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு ஏ.சி. கட்டாயம் வேண்டுமா?" என்பதுதான். வேண்டியதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் சாதாரண அறை வெப்பத்தில் இயங்கும்படிதான் தயாரிக்கப்படுகின்றன. ஆனால் ஏ.சி. பொருத்திவிட்டால், அதைப் பராமரித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மின் கட்டணம் கூடும். மெக்கானிக்கிற்கும் தேவையில்லாமல் பணம் கொடுக்க நேரிடும்.

ஏ.சி. எப்படி இயங்குகிறது?

ஏ.சி. அறையில் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. உள் யூனிட்டில் இருக்கும் காயில் வழியாக அறைக் காற்று செல்லும்போது, குழாய்க்குள் ஓடும் காஸ் அந்த வெப்பத்தை வாங்கிக் கொள்கிறது. பின் அதனை வெளி யூனிட்டில் விட்டுவிடுகிறது. உங்கள் கம்ப்யூட்டரின் உள்ளே ப்ராசசர் மீது இருக்கும் ஹீட் சிங்க்கும் மின்விசிறியும் கூட வெப்பத்தை வெளியேற்றும் வேலையைத்தான் செய்கின்றன. இரண்டிற்கும் காற்று தடையின்றிச் செல்ல வேண்டும். இரண்டிற்கும் எதிரி தூசிதான்.

பில்டரைச் சுத்தம் செய்திட

1. ஏ.சி.யை ரிமோட்டில் மட்டுமல்லாமல், சுவரில் உள்ள ஸ்விட்சிலும் நிறுத்தவும்.

2. உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற பில்டர்கள் தெரியும். அவற்றை மெதுவாக வெளியே எடுக்கவும்.

3. குழாய்த் தண்ணீரில் கழுவவும். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும்.

4. நிழலில் நன்றாக உலர்த்திய பின் மீண்டும் மாட்டவும்.

கோடைக் காலத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை இதனைச் செய்திடுங்கள். நான் கம்ப்யூட்டர் காலண்டரில் இதற்கு ஒரு ரிமைண்டர் அமைத்து வைத்திருக்கிறேன். நீங்களும் அமைத்துக் கொள்ளலாம்.

பில்டர் அடைத்துக் கொண்டால் காற்று குறையும். காயிலில் பனிக்கட்டி படியலாம். அது உருகும்போது தண்ணீர் அறைக்குள் சொட்டும். தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக் கொண்டாலும் இதே கதைதான். எனவே உள் யூனிட்டுக்கு நேர் கீழே கம்ப்யூட்டரை வைக்காதீர்கள்.

"காஸ் தீர்ந்துவிட்டது" என்றால்?

குளிர் குறைந்தவுடன் பலர் காஸ் நிரப்பச் சொல்கிறார்கள். காஸ், பெட்ரோல் போலச் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். "கசிவு எங்கே?" என்று கேளுங்கள். அதனை அடைக்காமல் நிரப்பினால், மீண்டும் பணம் செலவாகும். மெக்கானிக்கை அழைக்கும் முன் பில்டரைக் கழுவிப் பாருங்கள். வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்றை மறைக்கும்படி பொருட்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். பல நேரங்களில் அதுவே போதும். ஆனால் காஸ் குழாய்களில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். ஆர்-32, ஆர்-290 போன்ற காஸ்கள் தீப்பற்றக் கூடியவை.

எத்தனை டிகிரி?

இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பின் கணக்கு. கம்ப்யூட்டருக்காக 18 டிகிரி வைக்க வேண்டியதே இல்லை. 24 அல்லது 26ல் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழல விடுங்கள்.

இறுதியாக ஒன்று. கம்ப்யூட்டருக்கான ஸ்பைக் பஸ்டரில் ஏ.சி.யை இணைக்கவே கூடாது. அது இழுக்கும் மின்சாரத்தை ஸ்பைக் பஸ்டர் தாங்காது. சூடாகி உருகி, தீப்பிடிக்கலாம். ஏ.சி.க்கெனத் தனி மின் இணைப்பு இருக்கட்டும்.